‘மக்கள் தீர்ப்பு’ என்று எழுதும் முன்: அரசியல்வாதியின் எவிக்‌ஷனுக்கு வரும் எதிர்வினைகளைப் படிப்பது எப்படி?

பிரபலங்கள் பங்கேற்கும் ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து அரசியல்வாதி ஒருவர் வெளியேற்றப்பட்ட இரவில், பார்வையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காலைக்குள் எழுதித் தர வேண்டிய பொறுப்பு சிலருக்கு வந்து சேரும். செய்தியாளர், ஊடகம் படிக்கும் மாணவர், கட்சியின் தகவல் பிரிவில் இருப்பவர் என அது யாராகவும் இருக்கலாம். அந்த இரவில் தலைப்புக்கு முதலில் வந்து நிற்கும் தொடர் ‘மக்கள் தீர்ப்பு’ என்பதுதான். நிகழ்ச்சி தன் சொற்களில் பாதியைத் தேர்தலிலிருந்து கடன் வாங்கியிருப்பதால் இந்த மயக்கம் எளிதில் ஏற்படுகிறது: வாக்கு, பிரச்சாரம், ஆதரவாளர், களம் என எல்லாமே அங்கிருந்து வந்தவை. உள்ளே இருப்பவரும் அரசியல்வாதியாக இருந்துவிட்டால் கடன் வாங்கிய சொற்கள் சொந்தச் சொற்கள் போலவே ஒலிக்கத் தொடங்கிவிடும். எதிர்வினைகளைப் படிக்கும் வேலை, இந்த இரண்டு வாக்குகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில் தொடங்குகிறது.

வெளியேற்றமா, விலகலா?

முதலில் அவர் எப்படி வெளியே வந்தார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வெளியேற்றத்துக்கான பட்டியலில் (நாமினேஷன்) இடம்பெற்று, குறைந்த வாக்குகள் பெற்று வெளியேறுவது ஒரு வகை. தாமாக விலகுவது, உடல்நலக் குறைவால் விலகுவது, விதிமீறலுக்காக நிர்வாகம் அனுப்புவது ஆகியவை வேறு வகைகள். இவற்றில் பார்வையாளர் வாக்குக்குப் பங்கே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் டாம் டிலே 2009ஆம் ஆண்டில் ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ நடனப் போட்டி நிகழ்ச்சியை விட்டு விலகியதற்குக் காரணம் பாத எலும்புகளில் ஏற்பட்ட விரிசல். 2012ஆம் ஆண்டில் இந்தி பிக் பாஸ் வீட்டிலிருந்து நவ்ஜோத் சிங் சித்து வெளியே வந்தது குஜராத் தேர்தல் பணிக்காக. இந்த இருவருடைய விலகலுக்கும் வந்த வருத்தத்தையோ மகிழ்ச்சியையோ ‘பார்வையாளர்கள் நிராகரித்தார்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுத முடியாது. இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும் என்றாலும், பரபரப்பான இரவில் பலரும் தவறவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

அந்த வாக்கு எதைக் கேட்டது?

அடுத்ததாக, பார்வையாளரிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்று பார்க்க வேண்டும். ‘யாரை வெளியேற்ற வேண்டும்?’ என்பது ஒரு கேள்வி. ‘யாரைக் காப்பாற்ற வேண்டும்?’ என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் போலத் தோன்றினாலும், அரசியல்வாதி ஒருவர் போட்டியில் இருக்கும்போது முற்றிலும் மாறான முடிவுகளைத் தரக்கூடியவை.

சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் நாமினேஷனில் இருக்கிறார்கள், நூறு பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காப்பாற்றும் வாக்கில் அரசியல்வாதிக்குப் பதினைந்து வாக்குகள் விழுகின்றன. மற்ற நால்வருக்கும் நாற்பது, இருபத்தைந்து, பன்னிரண்டு, எட்டு என்று பிரிகின்றன. எண்பத்தைந்து பேர் அவரைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அவர் தப்பிவிடுகிறார். இனி வெளியேற்றும் வாக்கு. அவருக்கு எதிராக முப்பது வாக்குகள் விழுகின்றன. மற்றவர்களுக்கு எதிராக இருபத்தைந்து, இருபது, பதினைந்து, பத்து. எழுபது பேர் அவர் போக வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனாலும் அவர்தான் போகிறார். பற்றும் வெறுப்பும் ஒருங்கே தேடி வருவது அரசியல்வாதியின் பிறவிக் குணம் என்பதால், காப்பாற்றும் விதி அவரைக் காக்கும், வெளியேற்றும் விதி அவரை வீழ்த்தும். நடிகரோ பாடகரோ இவ்வளவு கூர்மையாகப் பிளவுபட்ட கூட்டத்தைக் கொண்டுவருவது அரிது.

பிரிட்டனின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் கேலோவே, 2006 ஜனவரியில் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது வெளியேற்றும் விதியின் கீழ் நடந்தது. காப்பாற்றும் வாக்கு கேட்கும் ‘ஐ ஆம் எ செலிபிரிட்டி’ நிகழ்ச்சியில் நடந்தது வேறு. பிரிட்டனின் முன்னாள் சுகாதாரத் துறை அமைச்சர் மேட் ஹான்காக் 2022ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் காட்டு முகாமுக்குள் சென்றபோது, கொரோனாவில் உறவினர்களை இழந்த குடும்பங்களின் சார்பில் அவர் வெளியேற வேண்டும் என்ற வாசகத்துடன் பதாகை ஒன்று விமானத்தில் முகாமுக்கு மேலே பறந்தது. புழுபூச்சிகளோடு செய்ய வேண்டிய சோதனைகளுக்கு யாரை அனுப்பலாம் என்று கேட்டபோதெல்லாம் பார்வையாளர்கள் அடுத்தடுத்துப் பல முறை அவரையே அனுப்பினார்கள். கடைசியில் அவர் மூன்றாம் இடத்தில் முடித்தார். இதைப் பார்த்த சிலர் ‘மக்கள் மன்னித்துவிட்டார்கள்’ என்றார்கள். வேறு சிலர் ‘இவ்வளவு வெறுத்தவர்கள் எங்கே போனார்கள்?’ என்று கேட்டார்கள். விதியைப் படித்திருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. அவரைத் துன்புறுத்த விழுந்த ஒவ்வொரு வாக்கும் அவரைத் திரையில் கூடுதல் நேரம் வைத்திருந்தது. திரையில் அதிக நேரம் தெரிபவருக்குக் காப்பாற்றும் வாக்கு கூடுவது வழக்கம். வெறுத்தவர்களுக்கோ அவரை வெளியேற்றும் பொத்தான் எதுவும் தரப்படவில்லை.

ஆகவே குறிப்பேட்டின் முதல் வரியாக விதியை எழுதிக்கொள்ள வேண்டும்: ஒரு கணக்குக்கு ஒரு நாளில் எத்தனை வாக்கு, செயலி வழியாகவா தொலைபேசி வழியாகவா, நடுவர் மதிப்பெண் கலக்கிறதா, எண்ணிக்கை வெளியிடப்படுகிறதா என்பவற்றை. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே பதில். எண்ணிக்கை தெரியாத நிலையில் வலைத்தளங்களில் உலவும் ‘அதிகாரபூர்வமற்ற வாக்குப்பதிவு’ சதவீதங்களை எடுத்து எழுதுவது, காற்றை எடைபோட்டு விற்பதற்கு ஒப்பானது.

ஒரு பின்னூட்டத்தைப் பிரித்துப் பார்த்தல்

எதிர்வினைகளை ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று இரண்டு கூடைகளில் போடுவதுதான் பலரும் செய்வது. அரசியல்வாதியைப் பொறுத்தவரை அந்த இரண்டு கூடைகள் போதாது. உதாரணத்துக்கு, இப்படி ஒரு பின்னூட்டம் வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘மனுஷன் நல்லாத்தான் விளையாடுனாரு, ஆனா அந்தக் கட்சியில இருக்குற வரைக்கும் நான் ஓட்டுப் போட மாட்டேன், இருந்தாலும் அந்த ஆள வச்சுக்கிட்டு இவர அனுப்புனது அநியாயம்.’

இந்த ஒற்றை வாக்கியத்தில் மூன்று எதிர்வினைகள் இருக்கின்றன. ‘நல்லாத்தான் விளையாடுனாரு’ என்பது ஆட்டத்தைப் பற்றியது. ‘அந்தக் கட்சியில இருக்குற வரைக்கும்’ என்பது அரசியலைப் பற்றியது. ‘அனுப்புனது அநியாயம்’ என்பது சேனலையும் வாக்கு முறையையும் மற்றொரு போட்டியாளரையும் பற்றியது. இதை எழுதியவர் அவருக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டால் விடை கிடைக்காது. எழுதியவர் வாக்கே போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்; அநியாயம் என்று குரல் கொடுப்பவர்களில் ஒரு பகுதியினர், அந்த அநியாயத்தைத் தடுக்க ஒரு பொத்தானை அழுத்தாதவர்கள். இது குற்றச்சாட்டு இல்லை. பார்ப்பதும் வாக்களிப்பதும் வெவ்வேறு பழக்கங்கள்.

எனவே ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பக்கத்தில் ஆட்டம், அரசியல், தயாரிப்பு என்று மூன்று கட்டங்கள் போட்டு, எது பொருந்துகிறதோ அதில் குறியிடுவது நல்லது. ஒரே பின்னூட்டத்துக்கு இரண்டு, மூன்று குறிகள் விழலாம். ஐம்பது பின்னூட்டங்களை இப்படிக் குறித்து முடிக்கும்போதே எங்கே கனம் விழுகிறது என்று புலப்பட்டுவிடும். தயாரிப்புக் கட்டம் நிரம்பி வழிந்தால், மக்கள் பேசுவது அந்த அரசியல்வாதியைப் பற்றியே இல்லை. தலைப்பில் அவர் பெயரைப் பெரிதாகப் போடுவது தவறாகும். அரசியல் கட்டம் நிரம்பினால், அந்தப் பின்னூட்டங்கள் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே எழுதப்பட்டவை போல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் நடந்த ஒரு டாஸ்க்கையோ ஒரு சண்டையையோ குறிப்பிடாத பின்னூட்டத்தை எழுதியவர், நிகழ்ச்சியைப் பார்த்தவர்தானா என்பதே சந்தேகம்.

கிண்டலுக்குத் தனிக் கவனம் தேவை. ‘சட்டசபையில வெளிநடப்பு செஞ்சு பழக்கம்தானே’ என்று ஒருவர் எழுதினால், அது பகையா, வேடிக்கையா, பாசமா என்பதை அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே கணக்கிலிருந்து முந்தைய வாரங்களில் வந்த இரண்டு மூன்று பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க நேரமில்லை என்றால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். மீம்களுக்கும் இதுவே பொருந்தும். எவிக்‌ஷன் இரவில் மீம் போடுபவருக்குச் சிரிப்புதான் கட்சி.

படைகளும் எண்ணிக்கைகளும்

தமிழ் பிக் பாஸின் முதல் பருவத்தில், 2017ஆம் ஆண்டில், ‘ஓவியா ஆர்மி’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது முதல் ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு படை உண்டு. அரசியல்வாதிக்கோ நிகழ்ச்சிக்கு வெளியே ஏற்கெனவே கட்டமைப்பும் கிளைகளும் தொண்டர்களும் இருக்கிறார்கள். ஆறாம் பருவத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் செய்தித் தொடர்பாளர் விக்ரமன் இறுதிச்சுற்றுக்கு வந்தபோது, அவருக்கு வாக்களிக்கும்படி கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். கட்சித் தலைவர் ஒருவர் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு ஓட்டுக் கேட்கலாமா என்ற விவாதம் அதை ஒட்டி எழுந்தது. 2023 ஜனவரி 22 அன்று அசீம் வெற்றி பெற, விக்ரமன் இரண்டாம் இடத்தில் வந்தார். அந்த இரவு வந்த ‘அறம் வெல்லும்’ பதிவுகளை ரசிகரின் ஏமாற்றமாகப் படிப்பதா, கட்சித் தோழரின் உறுதிமொழியாகப் படிப்பதா? இரண்டும் கலந்தே வந்தன. அப்படிக் கலந்திருப்பதைச் சொல்வதே நேர்மையான பதிவு. அமெரிக்காவிலும் 2019ஆம் ஆண்டில், ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் நடன மதிப்பெண்ணில் பெரும்பாலும் கீழே கிடந்த வெள்ளை மாளிகையின் முன்னாள் செய்திச் செயலர் ஷான் ஸ்பைசருக்கு வாக்களிக்கும்படி அன்றைய அதிபர் டிரம்ப் கேட்டார். ஸ்பைசர் பல வாரங்கள் நீடித்து, நவம்பரில்தான் வெளியேறினார்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெளியேற்றத்தை அடுத்து ‘கொந்தளிக்கும் பார்வையாளர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன்; ஹேஷ்டேக் எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவுகளை வரிசையாகப் படித்தபோது, ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் வந்திருப்பது தெரிந்தது. ‘அநியாயம்’ என்பதற்குப் பதில் ‘அநியாம்’. கொந்தளித்தது ஒரு வாட்ஸ்அப் குழு. அதன் பிறகு பதிவுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, வெவ்வேறு வாக்கியங்களை எண்ணத் தொடங்கினேன். ஆயிரம் பதிவுகளில் நாற்பது வாக்கியங்கள்தான் தேறின என்றால், கையில் இருப்பது நாற்பது.

தொகுப்பாளரே அரசியல்வாதியாக இருந்தால் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடும். தமிழில் ஏழு பருவங்களைத் தொகுத்த கமல்ஹாசன் 2018இல் கட்சி தொடங்கியவர். 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனி ரெட் கார்டு கொடுத்து அனுப்பப்பட்டபோது எழுந்த கோபத்தில் ஒரு பங்கு, பார்வையாளர் வாக்கே இல்லாமல் நடந்த அந்த வெளியேற்றத்தின் மீது. இன்னொரு பங்கு, கமல் என்ற தலைவரின் மீது. இங்கே வெளியேறியவர் அரசியல்வாதி அல்லர். ஆனாலும் எதிர்வினை அரசியலானது.

பார்த்தது என்ன, காட்டப்பட்டது என்ன?

தொலைக்காட்சியில் இருபத்துநான்கு மணி நேரத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாக வெட்டித்தான் பார்வையாளருக்குத் தருகிறார்கள். எதிர்வினை அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வருவது. கேலோவே விஷயத்தில் இது கண்கூடு. இளைஞர்களிடம் அரசியலைக் கொண்டுசெல்லப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போனவர் அவர். ஆனால் பிரிட்டனில் ஒளிபரப்பாளர்கள் அரசியல் நடுநிலை விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் அவருடைய அரசியல் பேச்சு திரையில் போதிய அளவு வரவில்லை என்ற குறை எழுந்தது. திரையில் வந்து நிலைத்தது, ஒரு டாஸ்க்கில் அவர் பூனையாக மாறி, நடிகை ரூலா லென்ஸ்காவின் உள்ளங்கையிலிருந்து பால் குடிப்பது போல நடித்த காட்சி. வெளியே வந்தவரை வரவேற்றது கூச்சல். அந்தக் கூச்சலை அவருடைய ஈராக் போர் எதிர்ப்புக்கு வந்த மறுப்பாக யாராவது எழுதினால், பார்வையாளர் கேட்கவே கேட்காத ஒன்றுக்குப் பார்வையாளரின் விடையை எழுதியதாகிவிடும். தொகுதியை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருடைய தொகுதியான பெத்னல் கிரீன் பகுதியில் எழுந்த குறையோ நேரடியான அரசியல் எதிர்வினை. அது தேர்தலில் வாக்களிக்கும் தொகுதி மக்களிடமிருந்து வந்தது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினாலும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கக் கூடாது.

முன்கூட்டியே பதிவு செய்யப்படும் நிகழ்ச்சிகளில் நேரக் கணக்கும் தேவை. நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி, முகமூடி அணிந்து பாடும் ‘த மாஸ்க்ட் சிங்கர்’ நிகழ்ச்சியின் மேடையில் முகமூடியைக் கழற்றிய செய்தி 2022 பிப்ரவரியில் கசிந்தது. காட்சி ஒளிபரப்பானது ஏப்ரலில். பிப்ரவரியில் கொதித்தவர்கள் எவரும் காட்சியைப் பார்த்தவர்கள் அல்லர். அவர்கள் பேசியது அவரை ஏன் அழைத்தார்கள் என்பதைப் பற்றித்தான்.

நேரலை எவிக்‌ஷன் என்றால், முதல் அரை மணி நேரப் பதிவுகள், மறுநாள் நண்பகல் பதிவுகள், அவர் தரும் முதல் பேட்டிக்குப் பிந்தைய பதிவுகள் என மூன்று முறை தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். முதலாவதில் அதிர்ச்சியும் கொண்டாட்டமும் மிகுந்திருக்கும். இரண்டாவதில் கட்சிக்காரர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். மூன்றாவதில்தான் சாதாரணப் பார்வையாளரின் நிதானமான குரல் சற்றே கேட்கும். அது எண்ணிக்கையில் சிறிதாக இருப்பதால் பலர் தேடுவதில்லை.

அரசியல் எதிர்காலம் பற்றிய வரி

கட்டுரையின் கடைசியில் ‘இது அவருடைய அரசியல் வாழ்வைப் பாதிக்கும்’ என்றோ ‘மக்கள் மனதில் இடம்பிடித்துவிட்டார்’ என்றோ ஒரு வரி சேர்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பழைய கணக்கைப் பார்த்தால் அந்தத் துணிச்சல் வராது. கூச்சலோடு வெளியே வந்த கேலோவே 2012இல் பிராட்போர்டு வெஸ்ட், 2024இல் ரோச்டேல் என இரண்டு இடைத்தேர்தல்களில் வென்றார். 2012ஆம் ஆண்டில் காட்டு முகாமிலிருந்து முதல் ஆளாக வெளியேற்றப்பட்டு, கட்சிக் கொறடாவின் நடவடிக்கைக்கும் ஆளான பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் நடீன் டோரிஸ், 2021இல் ஒளிபரப்புத் துறையையும் கவனிக்கும் கலாச்சாரத் துறை அமைச்சரானார். மூன்றாம் இடம் பெற்ற ஹான்காக், இறுதிச்சுற்று முடிந்த இரு வாரங்களுக்குள் அடுத்த தேர்தலில் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அதே மூன்றாம் இடத்தைப் பெற்ற பிரிட்டன் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ், 2024 ஜூலையில் கிளாக்டன் தொகுதியில் வென்று முதன்முறையாகப் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். ஒரே இடம், இரு வேறு பாதைகள்.

எழுதும்போது

‘மக்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அங்கே யார் பேசினார்களோ அவர்களைப் போடுங்கள்: வாக்களித்தவர்கள், பார்த்தவர்கள், பதிவிட்டவர்கள், கட்சித் தொண்டர்கள், தொகுதி வாக்காளர்கள். வாக்கியம் நீளும், தலைப்பின் வேகம் குறையும், குறையட்டும். ‘அரசியல்வாதியைத் தூக்கி எறிந்த மக்கள்’ என்ற தலைப்பைத் திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘காப்பாற்றும் வாக்கில் கடைசி இடம் பெற்று அவர் வெளியேறினார், வாக்கு எண்ணிக்கையை நிர்வாகம் வெளியிடவில்லை. எதிர்வினைகளில் பெரும்பகுதி தயாரிப்பாளர்கள் மீதான குறையாகவே இருந்தது. அவருடைய கட்சியைப் பற்றிய பதிவுகள் மறுநாள் காலையிலிருந்தே மிகுந்தன.’ ஆசிரியர் இதைப் பார்த்து, காரம் இல்லையே என்பார். அப்போது அந்த ஐம்பது பின்னூட்டங்களையும் மூன்று கட்டக் குறிகளோடு அவர் முன் வைத்துவிட்டு, எந்த வரியில் காரம் சேர்க்கலாம் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.